பிரேக் ஹார்ஸ்பவரில் தடை எங்கே வந்தது?

'இந்த காரின் தடைக் குதிரைசக்தி 118' என்று இன்னொரு வாகன விமர்சனத்திலும் படித்தாகிவிட்டது. எந்திரம் எவ்வளவு வலுவானது என்று சொல்லும் 'பிரேக் ஹார்ஸ்பவர்' என்ற ஆங்கில அளவைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். இதில் சரியாக இருப்பது குதிரை மட்டும்தான்.

குதிரையைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். குதிரைகள் செய்த வேலையோடு நீராவி எந்திரத்தை ஒப்பிட்டு விற்க ஜேம்ஸ் வாட்டுக்கு ஓர் அளவு வேண்டியிருந்தது. நொடிக்கு 550 அடி-பவுண்டு, அதாவது ஒரு நொடியில் 550 பவுண்டு எடையை ஓர் அடி தூக்குவது என்று வைத்தார். இன்றைய கணக்கில் சுமார் 746 வாட். ஜெர்மன்காரர்களின் குதிரை அளவான பி.எஸ். என்பது 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவது, அதாவது 735.5 வாட். நம் ஊர் கார் விளம்பரங்களில் இரண்டும் மாறி மாறி வரும்.

சரி, சக்திக்கு வருவோம். வடசொல் என்பதற்காக அதை விரட்டவில்லை. சூரிய சக்தி, அணுசக்தி என்று ஆற்றலுக்கு அதைக் கொடுத்தாகிவிட்டது. ஒரு மூட்டையை மாடிக்கு மெதுவாக ஏற்றினாலும் விறுவிறுவென்று ஏற்றினாலும் மூட்டைக்குச் சேரும் ஆற்றல் ஒன்றுதான். வேறுபடுவது அந்த ஆற்றல் சேரும் வேகம்; அந்த வேகத்துக்குத்தான் நம் பாடநூல்கள் 'திறன்' என்று பெயர் வைத்திருக்கின்றன. இலங்கையில் ஆற்றலுக்குச் சக்தி, திறனுக்கு வலு என்று பிரித்துக்கொண்டு, 'குதிரை வலு' என்று குழப்பமில்லாமல் எழுதுகிறார்கள். இங்கே குதிரைத்திறன் என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது சக்தி எதற்கு?

'தடை'தான் பெரிய கொடுமை. படிக்கிறவர், வண்டி எவ்வளவு நன்றாக நிற்கும் என்று சொல்கிறார்கள் போல என நினைப்பார். மின்தடை என்ற ஒரே சொல்லை ரெசிஸ்டன்ஸுக்கும் கரண்ட் கட்டுக்கும் வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு போதாதா? பெயரில் வரும் இந்த பிரேக் காரில் இருப்பதே இல்லை. பிரான்சின் பொறியாளர் ப்ரோனி 1821இல் அமைத்த சோதனைக் கருவி அது. எந்திரத்தின் சுழலும் தண்டை இரண்டு கட்டைகளால் இறுக்கிப் பிடிப்பார்கள். கட்டையோடு சேர்ந்த நெம்புகோல் சுற்றிக்கொண்டு போகாமல் நிற்க அதன் முனையில் எவ்வளவு எடை தேவை என்று பார்ப்பார்கள். அதில் கிடைக்கும் முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கினால் திறன். இன்று இதே வேலையைச் செய்யும் டைனமோமீட்டர் கருவியில் கட்டைக்குப் பதில் தண்ணீரோ மின்காந்தமோ பிடிக்கிறது. கருவியின் பெயர் ஒட்டிக்கொண்டதை அப்படியே பெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. எந்திரத்தின் தண்டில் கிடைக்கும் திறன், ஆகவே 'தண்டுத்திறன்'. முடிந்தது.

அப்புறம், மொழிபெயர்ப்பாளர்கள் எண்ணுக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். 'கிராஸ்' (மொத்த), 'நெட்' (நிகர) இரண்டும் தண்டில் அளப்பதுதான். ஆனால் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1971 வரை பெரும்பாலும் ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் சுமை எதுவும் இல்லாமல் எந்திரத்தைச் சோதனை மேடையில் ஓட்டி அளந்த மொத்தத் திறனையே விளம்பரம் செய்தார்கள். 1972இல் அவற்றையெல்லாம் மாட்டி அளக்கும் நிகரத் திறனுக்கு மாறினார்கள். கடிலாக் எல்டொராடோ காரின் குதிரைத்திறன் எண் ஒரே ஆண்டில் 365இலிருந்து 235 ஆக இறங்கியது. எந்திரம் அதே 8.2 லிட்டர்தான். 'நிகர' என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த இரண்டு எண்களையும் அருகருகே போட்டால் படிக்கிறவர் என்ன நினைப்பார்?

நிகரத் தண்டுத்திறனும் சாலைக்கு முழுசாக வராது. கியர்பாக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது சக்கரத்திறன். விளம்பரத்தில் போடுவது அந்த எண்ணை அல்ல.