பிட்யூட்டரி கட்டிக்கும் குடலுக்கும் என்ன உறவு?

"டாக்டர், எனக்கு வயிறு ரொம்ப நாளாவே சரியில்லை. அதனாலதான் இந்தக் கட்டி வந்துச்சா?"

பிட்யூட்டரி கட்டி இருப்பதாகத் தெரிந்துகொண்டவர்கள் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குடல் பாக்டீரியா பற்றி ஏதாவது ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். சிலர் கையோடு ஒரு புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) டப்பாவையும் கொண்டுவந்து, "மாத்திரைக்குப் பதிலா இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். முதல் கேள்வி நியாயமானது, நின்று பதில் சொல்ல வேண்டியது. இரண்டாவதுதான் கவலை தருகிறது.

மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், ஓர் எலும்புக் குழிக்குள் இருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. பட்டாணி அளவு, அரை கிராம் எடை. தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல், சினைப்பை, விந்தகம் எல்லாம் இதன் உத்தரவுப்படிதான் வேலை செய்கின்றன. இதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் கிடையாது. ஒரே ஒரு செல்லில் ஏற்படும் மாற்றத்தால் அந்தச் செல் பெருகிக்கொண்டே போய்க் கட்டியாகிறது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் ஜி.என்.ஏ.எஸ். என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் மிகையாகிவிடும் குஷிங் நோயை உண்டாக்கும் கட்டிகள் பலவற்றில் யு.எஸ்.பி.8 என்ற மரபணு. இவை பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல, அந்தச் சுரப்பிக்குள்ளேயே பிற்பாடு நேர்ந்தவை. பரம்பரையாக வரும் பிட்யூட்டரி கட்டிகளும் உண்டு, ஆனால் குறைவு. எனவே, கண்டதையும் சாப்பிட்டதால் வந்துவிட்டதோ என்று யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சரி, பாக்டீரியா எங்கே வருகிறது?

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் ஒரு கணக்கு வெளிவந்தது. பெரும்பகுதி பெருங்குடலில்தான். இவற்றுக்கும் பிட்யூட்டரிக்கும் தொடர்பு உண்டு என்பதை முதலில் அழுத்தமாகக் காட்டியவை எலிகள். 2004இல் ஜப்பானில் நொபுயுகி சூடோ குழுவினர், எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்த்த எலிகளைச் சிறிது நேரம் அசையவிடாமல் அடைத்துவைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றின் உடலில் ஏ.சி.டி.ஹெச். அதிகமாகச் சுரந்தது. அட்ரீனலைத் தூண்டுவதற்குப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன் இது. பிஃபிடோபாக்டீரியம் வகை ஒன்றை அந்த எலிகளின் குடலில் குடியேற்றியபோது இந்த மிகைச் சுரப்பு அடங்கியது. வளர்ச்சி ஹார்மோன் பக்கமும் இப்படி ஒன்று உண்டு. போதிய ஊட்டமில்லாத எலிக்குட்டிகளில், குடல் பாக்டீரியா உள்ளவை கிருமியற்றவற்றைவிட நன்றாக வளர்ந்ததையும், அவற்றில் ஐ.ஜி.எஃப்.-1 கூடுதலாக இருந்ததையும் 2016இல் பிரான்ஸில் கண்டார்கள். வளர்ச்சி ஹார்மோனின் கட்டளைப்படி முக்கியமாகக் கல்லீரலில் உருவாகும் பொருள் அது.

ஆக, குடலும் பிட்யூட்டரியும் பேசிக்கொள்கின்றன. ஆனால் சுரப்பின் அளவைக் கூட்டிக் குறைப்பது வேறு, கட்டியை உண்டாக்குவது வேறு. காணொளிகள் இந்த இடைவெளியை ஒரே தாவலில் தாண்டிவிடுகின்றன.

பிட்யூட்டரி கட்டி உள்ளவர்களின் மலத்தை ஆரோக்கியமானவர்களின் மலத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளும் இருக்கின்றன. பெரும்பாலும் சிறியவை. பாக்டீரியா கூட்டத்தில் வித்தியாசம் தெரிகிறது, உண்மைதான். வளர்ச்சி ஹார்மோன் மிகையாகி கை, கால், முகம் பெரிதாகும் அக்ரோமெகலி உள்ளவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்திருந்தன. ஆனால் அக்ரோமெகலி, குடலையும் விட்டுவைக்காத நோய். பெருங்குடல் நீள்கிறது, உணவு மெதுவாக நகர்கிறது, ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. சிகிச்சைக்குப் போடும் ஆக்ட்ரியோடைடு ஊசியோ குடல், பித்தப்பை இரண்டின் அசைவையும் மந்தமாக்குகிறது. குஷிங் நோயில் கார்டிசால் அதிகமாகி உடல் எடை, சர்க்கரை, நோய் எதிர்ப்பு எல்லாமே மாறிப்போகின்றன. இவ்வளவு மாறிய உடலில் பாக்டீரியா மட்டும் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கட்டி குடலை மாற்றியதா, குடல் கட்டியை வளர்த்ததா என்பதை ஒரு தடவை எடுத்த மலப் பரிசோதனையால் சொல்ல முடியாது. கட்டி வருவதற்கு முன்பிருந்தே பலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தால்தான் தெரியும். அரிதான நோயில் அது லேசான காரியமில்லை. அதனால், "குடல் பாக்டீரியா டெஸ்ட்" என்று பணம் கட்டி எடுத்து வரும் பல பக்க அறிக்கையை வைத்துப் பிட்யூட்டரி சிகிச்சையில் நான் எதையும் மாற்றுவதில்லை.

குடலுக்கும் பிட்யூட்டரிக்கும் உள்ள உறவு சிகிச்சை அறையில் வேறு விதமாகத் தென்படுகிறது. அதைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை.

வயிற்று உப்புசத்துக்கும் குமட்டலுக்கும் தரப்படும் டாம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு ஆகிய மூன்றும், பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றிவிடும். பிட்யூட்டரியில் புரோலாக்டின் சுரப்பை அடக்கி வைத்திருப்பது மூளையிலிருந்து வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள். இந்த மருந்துகள் அந்த டோபமைனின் வேலையைத் தடுக்கின்றன. மாதவிடாய் தள்ளிப்போகும், குழந்தை பெறாமலே மார்பில் பால் கசியும். ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் கூடுதலாக இருக்கும், உடனே எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பிரேதப் பரிசோதனைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, வாழ்நாளில் எந்தத் தொல்லையும் தராத சின்னப் பிட்யூட்டரி கட்டி காணப்பட்டிருக்கிறது. அதுபோன்ற ஒரு 3 மில்லிமீட்டர் புள்ளி எம்.ஆர்.ஐ.யில் அகப்பட்டால் போதும், "தலையில் கட்டி" என்று வீடே கலங்கிவிடும். காரணம் வயிற்று மாத்திரையாக இருக்கும்.

அதனால் புரோலாக்டின் அதிகம் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது மருந்துச் சீட்டைத்தான். "வேற மாத்திரை எதுவும் இல்லை டாக்டர்" என்பார்கள். "கேஸ் மாத்திரை?" என்று கேட்டால், "அது தினமும் போடுறதுதானே" என்று பதில் வரும். அமில மாத்திரையோடு டாம்பெரிடோன் சேர்ந்தே ஒரே மாத்திரையாக வருவதால், தாங்கள் அதைச் சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. டாக்டரிடம் சொல்லிவிட்டு அதை மூன்று நாள் நிறுத்தி, மறுபடி ரத்தம் கொடுத்தால் பெரும்பாலும் விஷயம் தெளிவாகிவிடும். மனநல மருந்துகளில் சிலவும் புரோலாக்டினை ஏற்றும். ஆனால் அவற்றை நீங்களாக ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

உண்மையிலேயே புரோலாக்டின் கட்டி என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமல் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். அது குமட்டினால் இரவில் உணவோடு சாப்பிடுங்கள். குமட்டலுக்கு டாம்பெரிடோன் போட்டுக்கொண்டால், ஒரு மருந்து செய்வதை இன்னொன்று கெடுக்கும். அக்ரோமெகலி உள்ளவர்கள் நோய் தெரிந்ததும் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்துகொள்வது அவசியம், அவர்களுக்குப் பெருங்குடலில் பாலிப் எனும் சதை வளர்ச்சி வரும் வாய்ப்பு அதிகம்.

புரோபயாட்டிக் சாப்பிடலாமா என்றால், பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை, கட்டி அதனால் சுருங்கவும் செய்யாது. கார்டிசால் மிக அதிகமாக உள்ள குஷிங் நோயாளிகள் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றியவர்களில் அந்த நல்ல பாக்டீரியாவே அரிதாக ரத்தத்தில் கலந்து தொற்றாக மாறியதுண்டு.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. கட்டியாலோ, அறுவை சிகிச்சையாலோ, கதிர்வீச்சாலோ பிட்யூட்டரி ஏ.சி.டி.ஹெச். சுரக்காமல் போனவர்கள் கார்டிசாலுக்குப் பதிலாகத் தரப்படும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை தினமும் நம்பித்தான் இருக்கிறார்கள். ஆரோக்கியமான உடல் காய்ச்சலின்போது கார்டிசாலைத் தானாகவே கூட்டிக்கொள்ளும். இவர்களுக்கு அது நடக்காது. இவர்களை ஆபத்தில் தள்ளும் காரணங்களில் முன்னணியில் இருப்பது வாந்தி பேதிதான். விழுங்கிய மாத்திரை வெளியே வந்துவிடும், உடலுக்கோ அன்றைக்குத்தான் கூடுதலாகத் தேவை. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரை போகும். காய்ச்சல் என்றால் டாக்டர் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி மாத்திரையை இரட்டிப்பாக்குங்கள். மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் ஒரு தடவை மறுபடி போடுங்கள். அதுவும் தங்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டாக வேண்டும். ஊசி வீட்டில் இருந்தால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், இல்லாவிட்டால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போனதும் "வயிற்றுப்போக்கு" என்று ஆரம்பிக்காமல், "நான் ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவன், பிட்யூட்டரி வேலை செய்யாது" என்று முதலில் சொல்லுங்கள். அதை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருப்பதும் நல்லது, பேச முடியாத நிலையில் கொண்டுவரப்படுகிறவர்களும் உண்டு.