கனெக்டர் இல்லாத பொக்ஸ்

இந்த மாதத்தில் இதே பிழையோடு வந்த மூன்றாவது மொடல் இது. வெள்ளவத்தையில் எழும் ஒரு தொடர்மாடியின் மின்சாரக் கணினி மொடலைச் சரிபார்க்கத் திறந்தேன். கூரை விளக்குகளின் ஒரு வரிசையை 300 மி.மீ. தள்ளச் சொல்லியிருந்தார்கள். கொண்டியூட்டை, அதாவது வயர் போகும் குழாயை, திரையில் பிடித்து இழுத்தேன். குழாய் வந்தது, அது சேரும் ஸ்லாப் பொக்ஸ், அதாவது கொங்கிரீட் தளத்துக்குள் புதையும் பெட்டி, வரவில்லை. பழைய இடத்திலேயே தனியாக நின்றது. அந்தத் தளத்திலிருந்த எல்லா பொக்ஸும் அப்படித்தான். கொங்கிரீட்டுக்கு இன்னும் இரண்டு நாள்.

இந்த முறை நேரத்தோடு கண்ணில் பட்டது. முன்பு ஒரு கட்டடத்தில் தவறவிட்டு, இறுகிய ஸ்லாபைக் கீழிருந்து கொத்தினோம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ரெவிட் என்ற கட்டட மொடல் மென்பொருளில் ஒரு பாகத்தின் உருவத்தைச் செய்வது வேறு, பாகத்தைச் செய்வது வேறு. ஜெனரிக் மொடல் என்ற பொதுப் பிரிவில் ஒரு வட்டப் பெட்டி வரைந்து, மூன்று வாய் வைத்து, "த்ரீடியில் நல்லாத்தானே தெரியுது" என்கிறீர்கள். உங்களுக்குத் தெரிகிறது, சரி. கொண்டியூட்டுக்குத் தெரியவில்லையே! வாயிருக்கும் இடத்தில் கனெக்டர், அதாவது குழாய் வந்து இணையும் புள்ளி, இல்லையென்றால் குழாய் பொக்ஸைத் தொட்டுக்கொண்டிருக்குமே தவிர அதோடு சேராது. பாகத்தின் பிரிவு கொண்டியூட் ஃபிட்டிங் (குழாய் இணைப்புப் பாகம்) ஆக இல்லாவிட்டால் ஃபிட்டிங் பட்டியலில் அது வராது. பொருட்களைக் கணக்கிடும் கியூ.எஸ். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எண்ணுகிறார். பார்ட் டைப் எல்போவா (வளைவு), ரீயா (T வடிவ இணைப்பு) என்று சொல்லாவிட்டால், எந்தச் சந்தியில் அதைப் போடுவது என்று ரெவிட்டுக்கு எப்படித் தெரியும்? கனெக்டரின் அம்பு வெளியே பார்க்க வேண்டும். அதன் விட்டம் பாகத்தின் அளவுப் பராமீட்டரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கையால் 20 என்று அடித்துவிட்டால், 25 மி.மீ. குழாய் வரும்போதும் அது 20 ஆகவே நிற்கும்.

வெறுமையிலிருந்து தொடங்காதீர்கள். ரெவிட்டோடு வரும் ஜங்ஷன் பொக்ஸ் ஒன்றை வேறு பெயரில் சேமித்து, உருவத்தை மட்டும் மாற்றுங்கள். கனெக்டர்களை அழிக்க வேண்டாம். முடிந்ததும் அதைக் கொண்டியூட் டைப்பின் ஃபிட்டிங் பகுதியில் போட மறக்காதீர்கள்.

ஆனால் அதில் வரும் அளவு அட்டவணை அமெரிக்காவுடையது. நம் 20 மி.மீ. கொண்டியூட்டில் 20 என்பது வெளிவிட்டம். அமெரிக்காவின் மெல்லிய உலோகக் குழாயான முக்கால் அங்குல ஈ.எம்.டி.யின் வெளிவிட்டமோ 23.4 மி.மீ. "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று விடாதீர்கள். அந்த அளவு அட்டவணையில் (லுக்கப் டேபிள்) உங்கள் அளவுக்கு வரி இல்லாவிட்டால் ரெவிட் எச்சரிக்காது. ஃபோர்முலாவில் கொடுத்திருக்கும் இயல்பு மதிப்பைப் பேசாமல் எடுத்துக்கொள்ளும். 20, 25, 32 மூன்றுக்கும் வரி சேருங்கள். மின்சார செட்டிங்கில் உள்விட்டத்தையும் திருத்துங்கள். எத்தனை வயர் போகும் என்பது அதில்தான் இருக்கிறது.

அளவை இணையத்தில் தேடுவதைவிடப் புறக்கோட்டையில் ஒரு பொக்ஸ் வாங்கி மேசையில் வையுங்கள், வேர்னியரை எடுங்கள். மூடித் திருகுகளுக்கு இடைப்பட்ட தூரம் 50 இல்லை, 50.8 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம். அதைவிட முக்கியம், பொக்ஸின் அடியிலிருந்து வாயின் மையம் எவ்வளவு உயரம் என்பது. பொக்ஸ் கொங்கிரீட்டைத் தாங்கும் ஷட்டரிங் பலகையில் உட்காரும், கொண்டியூட் கீழ்வரிசைக் கம்பிக்கு மேலே போகும். அதற்காகத்தான் ஸ்லாபுக்கு ஆழமான பொக்ஸ் வாங்குகிறோம். ஆழமற்றதை மொடலில் போட்டால் குழாய் நேரே கம்பிக்குள் ஓடும். சைட்டில் எலக்ட்ரீஷியன் குழாயை நெருப்பில் வாட்டி வளைத்து ஏற்றுவார், வளைவு நசுங்கும், பிறகு வயர் இழுபடாது. வெயிலில் நின்று அந்த வயரை இழுக்கும் மனிதரைக் கொஞ்சம் நினையுங்கள்.

அனுப்பும் முன் ஒரு வெற்று ப்ரொஜெக்ட்டில் ஏற்றி, மூன்று அளவிலும் குழாய் வரைந்து, ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பொக்ஸ் கூடவே வரவில்லையென்றால் சைட்டுக்கு அனுப்பாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். இரவு எட்டு மணியானாலும் பரவாயில்லை, உட்கார்ந்து சேர்த்தே சரிசெய்வோம்.