உரபாக்கில் கட்டி வைத்தது துணியல்ல

போன கிழமை என் தையல் வகுப்பு விறாந்தையில் ஏழு உரபாக், அதாவது பழைய உரச் சாக்கு, வந்து இறங்கின. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர் விசுவமடுப் பக்கம் வீட்டில் இருந்து தைக்கும் ஒரு பெண். ஒன்பது வருடம் பஞ்சாபியும் பிளவுஸும் பள்ளிக்கூடச் சட்டையும் வெட்டி மிஞ்சிய துண்டுகள் அவ்வளவும். "எல்லாம் நல்ல துண்டுகள் ரீச்சர். ஒட்டுவேலை விரிப்புத் தைச்சு விப்பமெண்டு பாக்கிறன்" என்றார். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

முதல் மூட்டையின் வாயை அவிழ்த்ததும் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். உள்ளே நீல நிற வொயில் துணியைப் பூவாகக் கிழித்து எலி கூடு கட்டியிருந்தது. கண் திறக்காத நாலு குஞ்சுகள். இரண்டாவது மூட்டை தகரக் கொட்டிலின் மூலையில் நிலத்தில் இருந்ததாம். அடியில் இருந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கரும்புள்ளி கரும்புள்ளியாகப் பூஞ்சணம். மூன்றாவதில் பாதி கறையான் மண். மாலை வரை இருந்து ஏழையும் கிளறினோம். தைக்கத் தகுந்தது என்று தேறியது அரை மூட்டை கூட இல்லை.

இந்த வருடத்தில் மட்டும் இப்படி வந்தது இது நாலாவது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சேர்க்கிறோம் என்று எனக்கும் தெரியும். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், உடுத்திருந்த சாறியையும் பெட்டியில் இருந்த கூறையையும் வெட்டி மண்மூட்டை தைத்த கைகள் எங்களுடையவை. ஒரு முழம் சீலை எதற்கெல்லாம் உதவும் என்று அந்த நாட்களில் பார்த்தவர்களுக்கு உள்ளங்கையளவு துண்டைக்கூட எறிய மனம் வராது. எறியச் சொல்லி நான் சொல்லவும் இல்லை. ஆனால் மூட்டையாகக் கட்டி மூலையில் தள்ளுவதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. அது எறிவதுதான். என்ன, எறிந்து முடிய ஒன்பது வருடம் எடுக்கிறது.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது, "தோய்ச்சு வெயிலில போட்டாச் சரிதானே ரீச்சர்" என்ற கதை. சரியில்லை. ஆயிரம் தரம் சொல்லிவிட்டேன், இன்னொரு தரமும் சொல்கிறேன். பூஞ்சணம் துணியின் மேல் படிந்த தூசி இல்லை. அது பருத்தி நூலையே தின்று வளர்வது. கடையில் புதுத்துணிக்குப் போட்டிருக்கும் கஞ்சிப் பசையும் அதற்கு நல்ல சாப்பாடு. தோய்த்தால் மணம் போகும், சில வேளை புள்ளியும் மங்கும். ஆனால் தின்ற நூல் திரும்பி வராது. நம்பாவிட்டால் புள்ளி விழுந்த இடத்தை இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்துப் பாருங்கள். அப்பளம் மாதிரிக் கிழியும். அப்படி ஒரு துண்டை நடுவில் வைத்து முந்நூறு துண்டு கோர்த்து விரிப்புத் தைத்தீர்கள் என்றால், முதல் தோய்ப்பில் அந்த ஒன்று பிய்யும். பிறகு விரிப்பு முழுவதும் ஓட்டை. வாங்கினவர் உங்களைத் திட்டமாட்டார், "ஒட்டுவேலையே இப்பிடித்தான்" என்று ஊர் முழுக்கச் சொல்லுவார். நட்டம் எல்லாத் தையல்காரிகளுக்கும்.

எலி இருந்த மூட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் கையால் கிளறாதீர்கள். வயல் ஊரில் எலிக்காய்ச்சல் என்றால் என்னவென்று யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கையுறை இல்லாவிட்டால் இரண்டு கைக்கும் பொலித்தீன் பையைக் கட்டிக்கொள்ளுங்கள், மூக்கு வாயை மூடுங்கள். இழுப்பு வருத்தம் உள்ளவர்கள் பூஞ்சண மூட்டைக்குக் கிட்டவே போக வேண்டாம்.

சரி, என்ன செய்வது?

வெட்டின அன்றே பிரிக்க வேண்டும். இவ்வளவுதான் விசயம். மேசையைக் கூட்டித் துடைக்கும் அந்தக் கால் மணித்தியாலத்தில் துண்டுகளை எடுத்து வகை பார்த்து, சதுரமாக வெட்டி, பெட்டியில் போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு எழும்ப வேண்டும். "பிறகு ஆறுதலா இருந்து செய்வம்" என்றவர் யாரும் இதுவரை ஆறுதலாக இருந்ததை நான் காணவில்லை.

வகை என்றால் நிறமில்லை. பிள்ளைகள் முதலில் சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று வடிவாக அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நிறம் கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது அது கொட்டனா, பொலியெஸ்டரா, பெனியன் மாதிரி இழுபடும் ஜேர்சியா என்பது. கொட்டன் தோய்த்தால் சுருங்கும், பொலியெஸ்டர் சுருங்காது, ஜேர்சி இழுபடும். மூன்றையும் ஒரே விரிப்பில் கோர்த்தால் ஒன்று இழுக்க ஒன்று தள்ள, காய்ந்த பிறகு விரிப்பு பப்படம் பொரித்த மாதிரி எழும்பி நிற்கும். அயன் பெட்டியைக் கொட்டனுக்குச் சூடாக்கிப் பொலியெஸ்டர் மேல் வைத்தால் என்ன நடக்கும் என்று என் வகுப்பு அயன் பெட்டியின் அடியைப் பார்த்தாலே தெரியும்.

தொட்டுப் பார்த்துத் தெரியாவிட்டால் ஓரத்தில் நாலு நூலை உருவிக் குறட்டில் பிடித்து, தண்ணீர்க் கோப்பைக்கு மேலே வைத்து எரித்துப் பாருங்கள். பேப்பர் எரிந்த மணம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கொட்டன். சுருண்டு உருகிக் கறுத்த மணியாக இறுகினால் பொலியெஸ்டர். உருகின மணியை உடனே தொடாதீர்கள், தோலோடு ஒட்டும்.

சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் நான் நம்புவதே இல்லை. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்ப்பேன். சாயம் வந்தால் தனியாகத் தோய்க்க வேண்டும், திரும்பத் திரும்ப வந்தால் அது கால்மிதிக்குத்தான். கொட்டன் துண்டெல்லாம் வெட்ட முன் ஒருக்கால் நனைத்துக் காய வைப்பதும் நல்லது. தைத்த பிறகு சுருங்குவதை விட முதலே சுருங்கட்டும்.

இனி அளவு. இங்கேதான் கணக்கு வாத்தியார்களின் பிள்ளைகளும் பிழைவிடுகிறார்கள். பெரிய சதுரம் ஐந்து அங்குலம், சின்னச் சதுரம் இரண்டரை அங்குலம் என்று வெட்டுவார்கள். இரண்டரையும் இரண்டரையும் ஐந்துதானே? கடதாசியில் ஐந்து. மெசினில் இல்லை. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். இரண்டரையைத் தைத்து முடித்தால் இரண்டு. அப்படி நாலைச் சேர்த்த கட்டம், வெளி ஓரத் தையல் விளிம்போடு நாலரை அங்குலம்தான் வரும். அதைக் கொண்டுபோய் ஐந்தங்குலச் சதுரத்துக்குப் பக்கத்தில் வைத்து, அரை அங்குலம் எங்கே என்று தேடி, பிறகு இழுத்து இழுத்துத் தைத்து, கடைசியில் மெசினுக்குப் பேச்சு விழும். ஆகவே பெரியது நாலரை, சின்னது இரண்டரை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். வேறு அளவு வேண்டாம். பழைய எக்ஸ்றே படத்தில் இரண்டு அச்சு வெட்டி ஆணியில் தொங்கவிடுங்கள். ஊடாகத் தெரிவதால் பூ எங்கே விழுகிறது என்று பார்த்து வைக்கலாம். அச்சின் ஓரம் துணியின் நேர்நூலோடு, அதாவது நெசவில் நேராக ஓடும் நூலோடு, ஓட வேண்டும். சரிவாக வெட்டின சதுரம் தைக்கும்போதே இழுபட்டு நீளும். எக்ஸ்றேயைத் துணிக் கத்தரிக்கோலால் வெட்டினவர்கள் என் கண்ணில் படாமல் இருங்கள்.

நாலரை வெட்டின சதுரம் தைத்தால் நாலு அங்குலம். குறுக்கே 15, நீளத்துக்கு 22 என்று 330 சதுரம் சேர்த்தால் 60 அங்குலத்துக்கு 88 அங்குலம். தனிக் கட்டிலுக்குப் போதுமான விரிப்பு. 330 என்றதும் மலைக்க வேண்டாம். நாளுக்கு ஐந்து சதுரம் வெட்டினால் 66 நாள். மூட்டையில் ஒன்பது வருடம் கிடந்ததை விட இது பெரிய காலமா?

சதுரத்துக்கு வராத கோணல் துண்டுகளைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கதை. கர்நாடகத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வழி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் விரிப்புக்குக் கவந்தி என்று பெயர். பழைய சாறியை அடியில் விரித்து, அச்சும் இல்லாமல் அளவும் இல்லாமல், ஒரு மூலையில் தொடங்கி ஓரம் ஓரமாகத் துண்டுகளை மடித்து வைத்து நூலோட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். எல்லாம் கைத்தையல். கடைசியில் நாலு மூலையிலும் சின்னத் துண்டை மடித்து ஒரு பூ வைப்பார்கள். பூ இல்லாத விரிப்பு அம்மணமாக இருப்பதாக அவர்களுக்குக் கணக்கு. எங்கள் கோடைக்கு இந்த முறை நல்ல தோது. நடுவில் பஞ்சுப் படை வைக்கும் குளிர்நாட்டு விரிப்பை வன்னியில் யார் போர்ப்பது? மெசின் இல்லாத வீட்டிலும், கரண்ட் இல்லாத இரவிலும் தைக்கலாம்.

"ஒட்டுப்போட்டது ஏழைச் சாமான்" என்று முகம் சுளிக்கிறவர்களோடு நான் கதைப்பதை விட்டுவிட்டேன். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002 இல் நியூயோர்க்கின் விற்னி கலைக்கூடத்துச் சுவரில் தொங்கின. அவர்களும் வடிவு பார்த்துத் தொடங்கியவர்கள் இல்லை, குளிருக்குத் தைத்தவர்கள்.

ஜேர்சித் துண்டு, அதாவது ஆடைத் தொழிற்சாலைகளில் இருந்து கிலோக் கணக்கில் வெளியே வருவது, விரிப்புக்கு உதவாது. ஆனால் கால்மிதிக்கு அதை விட்டால் வேறில்லை. ஒரு அங்குல நாடாவாக வெட்டி இழுத்துவிட்டால் தானாகச் சுருண்டு கயிறாகும், நூலும் பிரியாது. மூன்றைப் பின்னிச் சுற்றித் தைத்தால் முடிந்தது.

இரண்டு விரல் அகலத்துக்குக் குறைந்தது எதையும் சேர்க்காதீர்கள். கொட்டனாக இருந்தால் பொடியாக நறுக்கித் தலையணைக்குள் இலவம் பஞ்சோடு கலக்கலாம். தனியத் துண்டை மட்டும் அடைத்தால் கல்லாகக் கனக்கும், நனைந்தால் காயாது. கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் பிள்ளைக்குத் தலையணையே வேண்டாம் என்று குடும்பநல உத்தியோகத்தர்மார் சொல்வதைக் கேளுங்கள். பொலியெஸ்டர்த் துண்டை முற்றத்தில் குவித்துக் கொளுத்தவும் வேண்டாம். அந்தப் புகையைக் குடிப்பது உங்கள் பிள்ளைகள்தான்.

அடுப்பில் சட்டி இறக்கப் பிடிக்கும் சீலையைப் பளபளக்கும் துணியில் தைத்து விற்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். விறகு அடுப்பில் அது உருகி விரலில் ஒட்டினதை நான் பார்த்திருக்கிறேன். என் பழைய மாணவியின் கை. தனிக் கொட்டனில், உள்ளே பழைய துவாய் இரண்டு படை வைத்துத் தையுங்கள்.

தொழிலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு பேச்சு. வாடிக்கையாளர் தந்த துணியில் மிஞ்சினது அவருடையது. உடுப்போடு குண்டூசி குத்திக் கொடுங்கள். "வேண்டாம், நீங்களே வச்சிருங்கோ" என்று அவர் சொன்னால்தான் உங்கள் பெட்டிக்கு வரலாம். பிறகு கிழிந்தால் ஒட்டுப்போட அவருக்குத்தான் அது தேவைப்படும்.

வைக்கிற இடம்: மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளி, அல்லது பெரிய பிஸ்கட் தகரம். நன்றாகக் காய்ந்த துண்டு மட்டும். நிலத்தில் வேண்டாம், சுவரோடு ஒட்டவும் வேண்டாம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து வெள்ளம் வந்தபோது கட்டிலுக்குக் கீழே வைத்த மூட்டைகள்தான் முதலில் ஊறின. வேப்பிலை போடலாம், ஆனால் சருகாகக் காய வைத்துச் சின்னப் பையில் கட்டிப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே பூஞ்சணத்துக்கு அழைப்பு. பூச்சி உருண்டை வேண்டாம். குழந்தை மிட்டாய் என்று வாயில் வைக்கும். மணத்தோடு இருக்கும் துணி கூடச் சில கைக்குழந்தைகளுக்கு இரத்தத்தைச் சிதைக்கும்.

மாரிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. சோளகக் காற்று அடங்க முன் மூட்டைகளை முற்றத்துக்கு இழுத்து அவிழுங்கள். எனக்குக் கொண்டுவருவதானால் பிரித்துக் கொண்டுவாருங்கள். விசுவமடுக்காரி தன் அரை மூட்டையில் 94 சதுரம் வெட்டிவிட்டு நேற்று வந்தார், மெரூன் எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தாராம். இரண்டு சாயம் விட்டது என்று தனியாக முடிந்து வைத்திருந்தார்.