காகிதத்தில் மடித்து வந்த கல்

போன வாரம் ஒருவர் காகித மடிப்பைப் பிரித்து என் மேசையில் வைத்தார். இரண்டு நாள் துடிக்கவைத்துவிட்டுச் சிறுநீரோடு விழுந்த கல். லென்ஸில் பார்த்தால் கரும்பழுப்பு நிறம், மேலெல்லாம் முசுக்கட்டைப் பழம்போல் சின்னச் சின்ன முண்டுகள். பரிசோதனையில் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் என்று வந்தது; அதாவது, கால்சியமும் ஆக்சலேட்டும் ஒரு நீர் மூலக்கூறோடு சேர்ந்த பொருள்.

இதே பொருள் பூமிக்குள்ளும் கிடைக்கிறது. நிலக்கரிப் படிவுகளிலும், வெந்நீர் ஓடிய பாறை வெடிப்புகளிலும் நிறமற்ற படிகமாக இருக்கும். கனிமவியலில் அதற்கு ஹ்யூவெல்லைட் என்று பெயர். ஆங்கிலத்தில் ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லை உருவாக்கிய வில்லியம் ஹ்யூவெல் நினைவாக வைத்தது. கால்சியத்தோடு சேர்ந்திருக்கும் ஆக்சலேட் கரிமப் பொருள் என்பதால் இதைக் கரிமக் கனிமம் என்கிறார்கள். கூடுதலாக ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தால் அது வெடலைட். அண்டார்க்டிகாவின் வெடல் கடலடிச் சேற்றில் கிடைத்ததால் அந்தப் பெயர். சிறுநீர்ச் சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வெடலைட் அஞ்சல் உறைபோல, நடுவில் பெருக்கல் குறியோடு பளிச்சென்று தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

செடிகளும் கால்சியம் ஆக்சலேட்டை இலைகளுக்குள் ஊசி ஊசியாகச் சேர்த்துவைக்கின்றன. பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து பாறையில் படரும் லைக்கன்கள் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து, சுண்ணாம்புக்கல்லின் மேலேயே இதை உண்டாக்கிவிடுகின்றன.

சரி, இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இந்தக் கனிமம் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். ஒரு லிட்டருக்கு ஏழு மில்லிகிராம்கூடத் தேறாது. வினிகர் போன்ற மென்மையான அமிலத்துக்கும் அசையாது. அதனால் ‘கல்லைக் கரைக்கும்’ என்று விற்கும் பானங்களை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். யூரிக் அமிலக் கல்லை மருந்தால் கரைக்க முடியும், இதை முடியாது.

கல்லைக் கொண்டுவந்தவர் இன்னொன்றும் சொன்னார்: “பாலை அடியோடு நிறுத்திட்டேன் டாக்டர்.” இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். அது குறைந்தால் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்துக்கு வந்து சேரும். 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. மாத்திரையாக விழுங்கும் கால்சியம் வேறு கதை, அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கறாராக இருங்கள். ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். கல் விழுந்தால் எறியாமல் எடுத்து வாருங்கள். வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.