வாடுவதெல்லாம் தாகமல்ல: தொட்டிக் கலவையின் காற்றை அளப்பது எப்படி?

கார்த்திகை மழை சற்று ஓய்ந்ததும் மாடித்தோட்டக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்லும்: செடி வாடுகிறது, தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. சென்ற முறை சென்னையில் ஒரு வீட்டு மாடியில் 12 கத்தரிச் செடிகள் இப்படித் தலைதொங்கி நின்றன. ஒரு செடிப் பையைக் கவிழ்த்துப் பார்த்தபோது மேலே இரண்டு அங்குலம் பொலபொலவென்று இருந்தது. அடியில் குழைந்து கிடந்த கலவையிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தது. பழுப்பேறிய வேர் ஒன்றை இழுத்தேன். அதன் மேற்பட்டை உறைபோல் கழன்று வர, உள்ளிருந்த நரம்பு மட்டும் நூலாக நின்றது.

அந்தச் செடிகள் வாடியது மூச்சுத் திணறலால். வேரும் சுவாசிக்கிறது, நீரையும் சத்தையும் உள்ளிழுக்கும் ஆற்றல் அதற்கு அந்தச் சுவாசத்திலிருந்தே கிடைக்கிறது. காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு வேகத்தில்தான் ஆக்சிஜன் நீரில் பரவுகிறது என்பதால், கலவையின் துளைகள் நீரால் அடைபட்ட பையில் வேர் தண்ணீருக்கு நடுவிலேயே செயலிழந்துவிடுகிறது. வாட்டத்தைப் பார்த்து மேலும் ஒரு குவளை ஊற்றுவது இயல்பே. ஆனால் இங்கே அதுதான் கேடு.

கலவையில் காற்று எவ்வளவு என்பதைக் கையால் பிடித்துப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. அதனால் அடியில் துளைகளிட்ட பழைய பெயின்ட் வாளி ஒன்றை உடன் எடுத்துச் செல்கிறேன். முதலில் துளைகளை ஒட்டுநாடாவால் மூடி, குறித்த கோடு வரை எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ள வேண்டும். என் வாளிக்கு அது 4 லிட்டர். பிறகு நாடாவை எடுத்துவிட்டு, ஈரப்படுத்திய கலவையை அந்தக் கோடு வரை நிரப்பி, நாலைந்து முறை தரையில் தட்டி அமரவைத்து, குறைந்த அளவுக்கு மீண்டும் நிரப்ப வேண்டும். அடுத்து வாளியைப் பெரிய தொட்டி நீரில் மெல்ல இறக்கி, நீர் அடியிலிருந்து ஏறி மேற்பரப்பை நனைக்கும் வரை விட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளேயே சிக்கிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். கலவையிலுள்ள உலர்ந்த தேங்காய் நார்க்கழிவு ஒரே முழுக்கில் நனையாது என்பதால், அரை மணி நேரம் ஊறவிட்டு வடிப்பதை இரண்டு முறை செய்து, மூன்றாவது முறைதான் அளக்கிறேன். நீருக்குள்ளேயே துளைகளை விரல்களால் அடைத்துத் தூக்கி, வெளிப்புறம் வழியும் நீரைத் துடைத்துவிட்டு, ஒரு தட்டின் மேல் விரலை எடுத்து, சொட்டு நிற்கும் வரை வடியும் நீரைப் பிடிக்க வேண்டும். வடிந்த நீர் விட்டுச் சென்ற இடம்தான் காற்றின் இடம்.

அந்த மாடியின் கலவையில் வடிந்தது 240 மில்லி, அதாவது 6 விழுக்காடு. பொதுவாக 10-க்குக் கீழே போனாலே நான் கவலைப்படுவேன். ஆஸ்திரேலியாவின் தொட்டிக்கலவைத் தரநிலை குறைந்தது 13 விழுக்காடு கேட்கிறது. ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்றவற்றுக்கு இதைவிட மிக அதிகம் தேவை. காய்கறிக்கு அவ்வளவு உயர்த்தினால் சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்ற நேரும்.

காரணம் வீட்டுக்காரம்மாவின் அக்கறைதான். நார்க்கழிவை மாவுபோல் சலித்து, மண்புழு உரம் சேர்த்து, "வடிகாலுக்காக" நுண்மணலும் கலந்திருந்தார். ஒரு லிட்டர் நார்க்கழிவோடு ஒரு லிட்டர் மணலைக் கலந்து பாருங்கள், இரண்டு லிட்டர் வராது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மணல் துளைகளுக்குள் புகுந்திருக்கிறது. அடியில் ஜல்லி பரப்புவதும் உதவாது: நீர் நுண்துளையிலிருந்து பெருந்துளைக்கு எளிதில் இறங்காது என்பதால், சொதசொதப்பான அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்து வேருக்கு இன்னும் நெருங்கிவிடும்.

தொட்டியின் உயரமும் கணக்கில் வரும். நனைந்த பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் படுக்கையாகப் பிடித்துச் சொட்டு நின்றபின் செங்குத்தாகத் திருப்பினால் மீண்டும் நீர் வடியும். அதே போல, ஓரடி ஆழப் பையில் நன்றாக இருக்கும் கலவை, நாற்றுவிடும் குழித்தட்டில் காற்றில்லாமல் திணறும். ஆகவே செடி வளரப்போகும் உயரத்திலேயே அளப்பது நல்லது.

சலித்து ஒதுக்கிய சக்கையோடு, கொண்டைக்கடலை அளவில் வெட்டிக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டுகளைச் சேர்த்து, மணலை விட்டுவிட்டு, தை மாதம் மறுபடி அளந்தோம்: 640 மில்லி, 16 விழுக்காடு. அளந்த வாளியிலேயே அந்த அம்மா ஒரு துளசியை நட்டுவிட்டார். அதனால் கலவையைக் கலைத்து உதிர்க்காமலே, கலவை அமிழ்ந்த அளவைக் கழித்துக்கொண்டு, ஆடியில் மீண்டும் சோதிக்க முடிந்தது. நார்க்கழிவு மட்கி நொறுங்கியதில் 11-க்கு இறங்கியிருந்தது. வாளியின் பக்கவாட்டில் இரண்டு எண்களையும் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டு, ஐப்பசிக்கு முன் போட வேண்டிய மட்டைத் துண்டுகளை இப்போதே ஊறவைத்திருக்கிறார்.