ஜாய்ஸ்டிக்குக்கு எட்டாத காற்று

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் விமான சிமுலேட்டர் விளையாடும் பையன்கள் அடிக்கடி கேட்பது இது: இரண்டாம் உலகப் போர் விமானங்கள் நிஜத்திலும் இப்படித்தான் பறந்தனவா?

பெரும்பாலும் ஆமாம். விமானத்தின் எடை, எஞ்சினின் வலு, ஒவ்வொரு கோணத்திலும் இறக்கை தரும் தூக்குவிசை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, நொடிக்குப் பலமுறை கணக்குப் போட்டுத்தான் டிசிஎஸ், ஐஎல்-2 போன்ற சிமுலேட்டர்கள் விமானத்தை நகர்த்துகின்றன. எக்ஸ்-பிளேன் இறக்கையையே சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் படும் விசையைத் தனித்தனியாகக் கணக்கிடுகிறது.

எஞ்சினின் குணமும் முக்கியம். 1940இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால், கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் மேலே எழும்பி, அதன் மெர்லின் எஞ்சின் திக்கும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. அது அப்படியே பாய்ந்து தப்பிவிடும். 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைப் பொருத்தி இந்தக் குறையைப் பெருமளவு தணித்தார். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரை வைத்துக்கொண்டு இந்தத் திக்கலைக் காட்டாத சிமுலேட்டரை நான் மதிப்பதில்லை.

அப்புறம் டேக் ஆஃப். மெர்லின் பொருத்திய ஸ்பிட்ஃபயர் ஓடுபாதையில் இடப்பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்க, வாலிலுள்ள திசைப்பலகையான ரட்டரின் வலது மிதியை மிதிக்க வேண்டும். பின்னால் வந்த கிரிஃபன் எஞ்சினில் புரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றியதால் எல்லாம் தலைகீழ். நல்ல சிமுலேட்டர்களில் இதுவும் சரியாகவே வருகிறது.

சிக்கல் இருப்பது கையில்.

அந்தக் காலப் போர் விமானங்கள் பெரும்பாலானவற்றில் விமானி பிடிக்கும் ஸ்டிக்கிலிருந்து கம்பிகளும் தண்டுகளும் இறக்கை நுனிப்பக்கமுள்ள எய்லரானுக்கு, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் புரட்டும் அசையும் பலகைக்கு, நேராகப் போகும். உதவிக்கு ஹைட்ராலிக் கிடையாது. எய்லரானை அழுத்தும் காற்றை விமானியின் தோள்தான் தள்ள வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆடி மாதம் வாளையார் பக்கம் குடை பிடித்து நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1942இல் அலாஸ்காவின் அகுடன் தீவில் கிடைத்த ஜப்பானிய ஜீரோ விமானத்தை அமெரிக்கர்கள் பழுதுபார்த்துப் பறக்கவிட்டபோது, அதிவேகத்தில் அதன் எய்லரான்கள் இறுகிப்போவதைக் கண்டார்கள். மெல்ல வளைந்தால் யாராலும் வெல்ல முடியாத விமானம், வேகமாகப் பாயும்போது புரளவே தடுமாறியது. மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கும் இதே நோய். அதன் குறுகிய காக்பிட்டில் ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளக் கைக்கு இடமும் போதாது. அமெரிக்க அரசின் விமான ஆய்வு அமைப்பான நாகா (NACA) போர் விமானங்களை ஒப்பிட்டபோது 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ கைவிசையை அளவுகோலாக வைத்தது. விமானியின் புயமும் கணக்கில் வந்துவிட்டது, பாருங்கள்.

மேஜை மேலிருக்கும் ஜாய்ஸ்டிக்கில் இருப்பதோ ஒரு ஸ்பிரிங். 300 கிலோமீட்டரிலும் 600 கிலோமீட்டரிலும் அதற்கு ஒரே இறுக்கம். ஆகவே சிமுலேட்டர் உங்கள் முழுத் தள்ளலை ‘விமானி தன் முழு பலத்தையும் போடுகிறார்’ என்று எடுத்துக்கொண்டு, அந்த வேகத்தில் அந்த பலம் எய்லரானை எவ்வளவு திருப்பும் என்று கணக்கிட்டு, அவ்வளவே திருப்புகிறது. திரையில் விளைவு சரி. கைக்கு மட்டும் களைப்பில்லை. பத்து நிமிடம் விடாமல் திருகிக்கொண்டே சண்டை போடுகிறோமே, நிஜ விமானியின் தோள் அதற்கு இடம் கொடுத்திருக்காது.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. மூக்கை மேலும் கீழும் ஆட்டும் வால்பலகையான எலிவேட்டர், ஸ்பிட்ஃபயரில் கைக்கு மிக லேசானது. நிஜ ஸ்டிக் நீளமானது என்பதால் நுணுக்கமாக இழுக்கலாம். குட்டை ஜாய்ஸ்டிக்கில் விரலசைவே பெரிய இழுப்பாகி, விமானம் துள்ளி ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும். சிமுலேட்டரின் அமைப்புகளில், ஜாய்ஸ்டிக்கின் அசைவு எவ்வளவு இழுப்பாக மாறும் என்பதைக் காட்டும் வளைகோட்டை மாற்றி அதை மட்டுப்படுத்துவதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அது நிஜத்தை நோக்கிய நகர்வாகவே படுகிறது.

இதில் வேடிக்கை, சூலூரில் நிற்கும் தேஜஸ் போன்ற புதிய விமானத்தை ஜாய்ஸ்டிக்கில் ஓட்டுவது உண்மைக்கு இன்னும் நெருக்கம். அங்கே ஸ்டிக்குக்கும் இறக்கைக்கும் நடுவில் கணினி இருக்கிறது. காற்றின் பாரம் விமானியின் கைக்கு வருவதே இல்லை.

உங்கள் சிமுலேட்டரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மெஸ்ஸர்ஷ்மிட்டை 400 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழுச் சுற்று புரட்டி நேரத்தைக் குறியுங்கள். பிறகு 650இல் அதையே செய்யுங்கள். கையின் பலத்துக்கு எல்லையே இல்லையென்றால் வேகம் கூடக் கூட விமானம் விரைவாகப் புரள வேண்டும். இரண்டாவது முறை கூடுதல் நேரம் எடுத்தால், சிமுலேட்டரை எழுதியவர்கள் விமானியின் தோளையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.