மூடித்தான் கீது, ஆனா பாஸ் ஆவுது

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பழைய கேட் வால்வு இருக்கிறது. சமையலறைக் குழாயை மாற்ற வந்த பிளம்பர் அண்ணன் அதை இறுக்கி மூடிவிட்டுக் கீழே வந்து குழாயைக் கழற்றினார். நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மறுபடி மாடிக்குப் போய், ஸ்க்ரூடிரைவர் நுனியை வால்வின் மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்தார். "மூடித்தான் கீது தம்பி, ஆனா பாஸ் ஆவுது."

மணலி, அத்திப்பட்டு பக்கம் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களிடமும் இதே சொல்தான். வெளியே சொட்டினால் லீக். மூடிய வால்வுக்குள்ளேயே கடந்து போனால் பாஸிங். லீக் கண்ணில் படும், பாஸிங் படாது. அணுமின் நிலையத்தில் ஒரு பகுதியைத் தனியே பிரித்து வைக்கிற ஐசொலேஷன் வால்வு பாஸ் ஆனால், அதைக் கண்டுபிடிப்பதே ஒரு தனிக் கலை.

வால்வுத் தட்டு உட்காரும் இடத்தில் துருத் துணுக்கு ஒன்று மாட்டினாலே போதும். அந்த மயிரிழை இடுக்கில் நீராவி சீறிப் பாய்ந்து உலோகத்தையே அரித்துப் பள்ளம் போட்டுவிடும். கட்டுப்பாட்டு அறை விளக்கோ பெரும்பாலும் வால்வைத் திறந்து மூடும் தண்டு எங்கே நிற்கிறது என்பதை மட்டும் காட்டும். அதனால் குழாயைத்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் சூடு. கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் நீராவி ஏறத்தாழ 250 டிகிரி, 40 பார், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 40 மடங்கு அழுத்தம். இடுக்கு வழியே வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு விரிந்தாலும் அது வேலை எதுவும் செய்வதில்லை. ஆற்றல் அப்படியே தங்குவதால் 160 டிகிரி அளவில்தான் வந்து விழும். ஆக, வால்வுக்கு அந்தப் பக்கக் குழாய் சுடுகிறதா என்று பார்த்தால் போதாதா? போதாது. உலோகம் வழியாகவும் சூடு கடத்தப்படும். அதனால் தள்ளித் தள்ளிப் பல இடங்களில் அளப்பார்கள். நாலு அடியில் சூடு சட்டென்று இறங்கினால் அது கடத்தல். இறங்காமல் நீண்டுகொண்டே போனால் உள்ளே ஏதோ ஓடுகிறது.

இந்தச் சூட்டை அலட்சியம் செய்த கதை ஒன்று உண்டு. 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணி, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தம் தணிக்கத் திறந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. மூடச் சொல்லி உத்தரவு போனதைத்தான் விளக்கு காட்டியது, மூடியதை அல்ல. வெளியேறும் குழாய் சுட்டது. ஆனால் அங்கே முன்பே கசிவு இருந்ததால் சூடு பழகிப் போயிருந்தது. அதே குழாயில் அதற்கு முன்னால், வழியை அடைப்பதற்கென்றே இருந்த பிளாக் வால்வை மூட 2 மணி 20 நிமிடம் ஆனது. அதற்குள் உலையில் நீர் வற்றத் தொடங்கியிருந்தது.

அடுத்தது ஒலி. அண்ணனின் ஸ்க்ரூடிரைவர் செய்ததை இங்கே அல்ட்ராசோனிக் கருவி செய்கிறது. பம்புகளின் உறுமல் தாழ்ந்த ஒலி. இடுக்கில் சீறும் திரவமோ நம் காதுக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்சுக்கு மேலும் இரைச்சல் போடும். அந்த ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது வசதி. முன்னால், வால்வின் மேல், பின்னால், இன்னும் தள்ளி என நாலு இடத்தில் கேட்டு, வால்வில் உச்சம் என்றால் ஆள் அகப்பட்டான். தள்ளிப் போகப் போகக் கூடினால் சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது.

உலைக் கட்டடச் சுவரைக் கடக்கும் குழாய்களில் பெரும்பாலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டை வால்வு. நடுவில் காற்றை அடைத்து, அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சைக்கிள் டியூப் சோதனைதான், கணக்கோடு. கனநீர் கசிந்தாலோ அதிலுள்ள ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, எங்கள் வால்வு? அண்ணன் அரைச் சுற்று திறந்து, தண்ணீரை வேகமாக ஓடவிட்டு, மறுபடி மூடினார். துணுக்கு கொஞ்சம் போயிருக்க வேண்டும். நூல் சொட்டாகக் குறைந்தது. அந்தச் சொட்டுக்கு நடுவிலேயே புதுக் குழாயை மாட்டிவிட்டு, "அடுத்த வாரம் வால்வ மாத்திடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மாதம் ஆகிறது.